தழும்பில்லாத காயம்

நம் நாட்டு நீதிமன்றங்களில் அன்றாடம் புழங்கும் சொற்களுள் பல, அரபு மண்ணில் பிறந்து, பாரசீகத்திலும் உருதுவிலும் சில காலம் தங்கி, பின்னர்த் தமிழுக்கு வந்து சேர்ந்தவை. தாவா, ஜப்தி, முன்சீப், அமீனா, வாய்தா, வக்காலத்து, வக்கீல் என்று அந்த வரிசை நீளும். அவற்றின் மூலப்பொருளை எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. முன்சீப் என்றால் நடுவுநிலையோடு வழங்குபவர். அமீனா என்னும் சொல்லுக்குள் நம்பிக்கைக்குரியவரைக் குறிக்கும் ‘அமீன்’ இருக்கிறது. வாய்தா என்பது வாக்குறுதி. வக்கீல் என்பவரோ, ஒருவர் தம் காரியத்தை யாரிடம் முழுவதுமாக ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக உறங்கச் செல்கிறாரோ, அவர். வல்ல நாயனின் அழகிய திருநாமங்களுள் ‘அல் வக்கீல்’ என்பதும் ஒன்று என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவார்கள்.

இத்துணைப் பெரிய பெயரைச் சுமக்கும் ஒருவர் தம் கடமையில் அயர்ந்துவிட்டால், அவரை நம்பியவருக்கு நேரும் இழப்பு எத்தகையது? நிலம் போயிற்று என்றால் நிலத்தின் விலையைச் சொல்லலாம். பணம் போயிற்று என்றால் வட்டியோடு கணக்கிடலாம். ஆனால் உறங்காத இரவுகளுக்கும், ஊரார் முன் கூனிக் குறுகிய பொழுதுகளுக்கும் விலை உண்டா? ‘மன உளைச்சலுக்கு இழப்பீடாக இத்தனை ரூபாய்’ என்னும் செய்தியை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். வங்கியின் மீதும், மருத்துவமனையின் மீதும், வீடு கட்டித் தருவோர் மீதும் அத்தகைய தீர்ப்புகள் வருகின்றன. வழக்கறிஞரின் அசட்டையால் வந்த மன உளைச்சலுக்கு அப்படி ஒரு தீர்ப்பைப் பார்ப்பது அரிது. ஏன் என்னும் கேள்வி என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றினால் எனக்குள் எழுந்தது. பல ஆண்டுகளாக அதற்கு விடை தேடி வருகிறேன்.

அனகாபுத்தூர், அடையாற்றின் கரையில் நெசவினால் பெயர் பெற்ற ஊர். ஒரு காலத்தில் இங்கே நெய்த மதராஸ் கைக்குட்டைத் துணிகள் கடல் கடந்து நைஜீரியா வரை சென்றன. பிற்காலத்தில் வாழைநார்ப் புடவையால் ஊரின் பெயர் மீண்டும் பேசப்பட்டது. 2021-ஆம் ஆண்டு முதல் இது தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. என் லாத்தாவின் கணவர், அதாவது என் மச்சான், நாகல்கேணித் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். வேலை செய்து சேர்த்த பணத்தில் ஊரின் ஓரமாக ஒரு சிறு மனையை வாங்கினார். 2009-இல் அவர் மறைந்தபோது, லாத்தாவுக்கும் இரண்டு பெண் மக்களுக்கும் மிஞ்சியது அந்த மனையும் அதில் போட்டிருந்த ஓட்டு வீடும்தான்.

பக்கத்து மனைக்காரர், தம் கிரயப் பத்திரத்தின் அளவுக்குள் எங்கள் மனையின் ஒரு பகுதியும் அடங்கும் என்று வேலியைப் பிடுங்கினார். 2011-இல் லாத்தா வழக்குத் தொடுத்தார். மனை தம்முடையதே என்று அறிவிக்கவும், எதிர்த்தரப்பு அதில் நுழையாதபடி தடை விதிக்கவும் கோரினார். இடைக்காலத் தடையும் கிடைத்தது. வக்காலத்தில் கையெழுத்திட்ட நாளன்று அவர் இரண்டு ரக்அத் ஷுக்ரானா தொழுதார். அந்த வழக்கறிஞரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதுவது அறமுமன்று, பயனுமன்று.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லாத்தா ஒவ்வொரு முறை சென்று கேட்கும்போதும், “வாய்தா போட்டிருக்கும்மா, போயிட்டு வாங்க” என்னும் விடையே வந்தது. 2015-இல் ஒருநாள் மனம் பொறாமல் அவரே நேராக நீதிமன்றத்துக்குப் போனார். அலுவலகத்திலிருந்த எழுத்தர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, “இந்த நம்பர் போன வருஷமே டிபால்ட்ல தள்ளுபடி ஆயிடுச்சே அம்மா” என்றார். விசாரணைக்கு அழைத்த நாளில் வாதிக்காக எவரும் ஆஜராகவில்லை என்பதே காரணம். அன்றைக்குப் பதினொரு மாதங்கள் கடந்திருந்தன. அந்தப் பதினொரு மாதங்களிலும் அவர் கேட்ட ‘வாய்தா’க்கள் எந்த நீதிபதியும் போடாதவை.

ஆஜரின்மையால் தள்ளுபடியான வழக்கை மீண்டும் கோப்பிலேற்றக் கோருவதற்குக் காலவரம்புச் சட்டம் 30 நாள்களைக் கொடுக்கிறது. அந்த நாள்களுக்குள் சொல்லியிருந்தால், ஒரு சாதாரண மனுவோடு காரியம் முடிந்திருக்கும். பதினொரு மாதங்களான பின்போ, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு ஒன்றும், வழக்கைப் புதுப்பிக்கக் கோரும் மனு ஒன்றுமாக இரண்டு தேவைப்பட்டன. வேறொரு வழக்கறிஞர் அவற்றைப் பொறுமையோடு நடத்தினார். எதிர்த்தரப்புக்கு 3,000 ரூபாய் செலவுத்தொகை கட்ட வேண்டும் என்னும் நிபந்தனையோடு 2018-இல் வழக்கு மீண்டும் உயிர் பெற்றது. 2019-இல் தீர்ப்பு லாத்தாவுக்குச் சாதகமாகவே வந்தது. மனை தப்பியது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆக, சட்டத்தின் ஏட்டில் லாத்தா எதையும் இழக்கவில்லை. என் சிந்தனை தடைப்பட்டு நின்ற இடம் அதுதான்.

ஏனெனில் அந்த நான்கு ஆண்டுகளை அருகிலிருந்து பார்த்தவன் நான். 2015 டிசம்பரில் அடையாறு கரை கடந்து தெருவுக்குள் புகுந்தபோது, லாத்தா அரிசியையும் எடுக்கவில்லை, துணிகளையும் எடுக்கவில்லை. வழக்குக் கட்டும் கிரயப் பத்திரமும் வைத்திருந்த தகரப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு மாடிக்கு ஏறினார். இரவில் வாசலில் வாகனச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மூத்த மகளுக்கு வந்த வரன் ஒன்று, ‘இடம் தகராறில் இருக்கிறதாமே’ என்று சொல்லிப் பின்வாங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, எவரையும் நம்பாத ஒரு தன்மை அவரிடம் குடியேறிவிட்டது. ஜமாஅத்தினர் வந்து ஆறுதல் கூறினாலும், “எல்லாரும் வாய்தாதான் சொல்றீங்க தம்பி” என்பார். தீர்ப்பு வந்த அன்று அவர் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. நகலை வாங்கி அதே தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். 2021-இல் வஃபாத்தானார்.

எங்கள் ஊர் நெசவாளிகள் பாவில் ஓர் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு மேலே நெய்வார்கள். துணி துணியாகத்தான் வரும், விலையும் குறையாது. ஆனால் விரலால் தடவுகிறவருக்கு முடிச்சு இருக்குமிடம் தெரியும். லாத்தாவின் வழக்கும் அப்படித்தான் முடிந்தது.

இனி, இத்தகைய துன்பத்துக்கு நம் சட்டத்தில் எந்தெந்த வாயில்கள் திறந்திருக்கின்றன என்று பார்ப்போம்.

முதலாவது, வழக்கறிஞர் மன்றம். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி, தொழில்முறைத் தவறிழைத்தவர் மீது மாநில மன்றத்தில் புகார் கொடுக்கலாம். மன்றம் அவரைக் கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யவிடாமல் தடுக்கலாம், பட்டியலிலிருந்து பெயரையே நீக்கலாம். ஆனால் துன்பப்பட்டவருக்கு இழப்பீடு வழங்க அந்தப் பிரிவில் இடமில்லை. மேலும், வெறும் அசட்டை வேறு, தொழில்முறைத் தவறு வேறு என்றே நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கருதி வந்துள்ளன.

இரண்டாவது, உரிமையியல் நீதிமன்றம். வெள்ளையர் காலத்தில், 1926-இல் இயற்றப்பட்ட வழக்கறிஞர் கட்டணச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. கடமையில் காட்டிய அசட்டையால் பிறருக்கு இழப்போ தீங்கோ நேர்ந்தால், வழக்கறிஞர் என்னும் ஒரே காரணத்தால் எவரும் வழக்கிலிருந்து விலக்குப் பெற முடியாது என்று அது கூறுகிறது. வாயில் இருக்கிறது, ஆனால் அதற்கு நுழைவுக் கட்டணமும் உண்டு. தமிழ்நாட்டில் பணத்துக்காகத் தொடுக்கும் வழக்கில், கோரும் தொகைக்கு நூற்றுக்கு ஏழரை வீதம் நீதிமன்றக் கட்டணம் இருந்தது. 2017-இல் அது நூற்றுக்கு மூன்றாகக் குறைக்கப்பட்டது. ஐந்து இலட்சம் ரூபாய் கேட்பவர் 15,000 ரூபாய் கட்ட வேண்டும். தன் வேதனை எவ்வளவு பெரியது என்று சொல்லச் சொல்ல, அதைச் சொல்வதற்கான கட்டணமும் ஏறும். போதாக்குறைக்கு, ஒரு வழக்கறிஞர் மீது வழக்குத் தொடுக்க இன்னொரு வழக்கறிஞரைத் தேட வேண்டும். ஏற்கெனவே ஒரு வக்காலத்தினால் சுட்டுக்கொண்ட கை, மற்றொரு வக்காலத்தில் கையெழுத்திட எளிதில் துணியுமா?

மூன்றாவது வாயில்தான் எளியவருக்கு உகந்ததாக இருந்தது. அது நுகர்வோர் மன்றம். கட்டணம் குறைவு, தாமே வாதாடலாம், மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கலாம். 1993-இல் லக்னோ வளர்ச்சிக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நுகர்வோருக்கு நேர்ந்த அலைக்கழிப்புக்கும் மனவேதனைக்கும் இழப்பீடு வழங்கலாம் என்பதை உறுதி செய்தது. 1995-இல் இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி. பி. சாந்தா என்பவருக்கும் இடையிலான வழக்கில், கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்தில் அடங்கும் என்று அதே நீதிமன்றம் கூறியது. மருத்துவரைக் கேட்கலாம் என்றால் வழக்கறிஞரையும் கேட்கலாம் அன்றோ என்று மக்கள் நினைத்ததில் வியப்பில்லை.

அந்த எண்ணம் சோதிக்கப்பட்டது தில்லி வழக்கொன்றில். டி. கே. காந்தி என்பவர், 20,000 ரூபாய்க் காசோலை ஒன்று பணமின்றித் திரும்பியதால் வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தினார். எதிர்த்தரப்பு இறங்கி வந்து 20,000 ரூபாயையும், செலவுக்கென 5,000 ரூபாய்க் காசோலையையும் வழக்கறிஞரிடம் கொடுத்தது. அவற்றைத் தம்மிடம் ஒப்படைக்காமல் வழக்கறிஞர் தம் கட்டணமாக 5,000 ரூபாய் ரொக்கம் கேட்டார் என்பது காந்தியின் முறையீடு. மாவட்ட மன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மாநில ஆணையம் 2006-இல் அதை மாற்றியது. தேசிய ஆணையம் 2007 ஆகஸ்டில், வழக்கறிஞரின் பணியும் நுகர்வோர் சட்டத்தில் அடங்கும் என்றது. 2008-இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. லாத்தா நீதிமன்றப் படியேறி இறங்கிய ஆண்டுகளெல்லாம் அந்தத் தடையின் ஆண்டுகளே. ‘நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமே’ என்று சொன்னவர்களுக்கு எங்களால் விடை கூற இயலவில்லை.

விடை 2024 மே 14 அன்று வந்தது. நீதிபதிகள் பேலா திரிவேதி, பங்கஜ் மித்தல் ஆகியோர், வழக்கறிஞர் பணி நுகர்வோர் சட்டத்தின் எல்லைக்குள் வராது என்று தீர்ப்பளித்தனர். வழக்கறிஞர் தம் கட்சிக்காரரின் கட்டுப்பாட்டுக்குள் இயங்குபவர், அவருடைய ஒப்புதலின்றி எதையும் விட்டுக்கொடுக்க முடியாதவர், ஆகையால் இது ‘தனிப்பட்ட பணி ஒப்பந்தம்’, சட்டம் அதை விலக்கியிருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். தவறிழைத்த வழக்கறிஞர் மீது பிற நீதிமன்றங்களில் வழக்குத் தொடுக்கும் உரிமையைத் தீர்ப்பு பறிக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். எனினும், கட்சிக்காரரின் கட்டுப்பாடு என்னும் சொற்களைப் படித்தபோது, நீதிமன்றத் தாழ்வாரத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு “வாய்தா என்னிக்குங்க?” என்று கேட்டு நின்ற லாத்தாவின் உருவம் என் கண்முன் வந்தது. யார் கட்டுப்பாட்டில் யார் இருந்தார்?

ஆக எஞ்சியிருப்பது உரிமையியல் நீதிமன்றம் ஒன்றே. அங்கோ மனவேதனை எளிதில் கணக்கில் ஏறுவதில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, ஒப்பந்த மீறலால் இயல்பாக விளையும் இழப்புக்கே ஈடு தருகிறது. தொலைவான, மறைமுகமான இழப்புகளை அது ஏற்பதில்லை. மனத்துன்பத்தை நீதிமன்றங்கள் பெரும்பாலும் அந்தத் தொலைவான பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருக்கின்றன.

பிற நாடுகளிலும் இதே தயக்கம் உண்டு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், வழக்கறிஞரின் அசட்டையால் போனது பணம் மட்டுமே என்றால் மனத்துன்பத்துக்கு ஈடு கிடையாது. ஒருவருடைய விடுதலையோ, பெற்ற பிள்ளையோ, அவை போன்ற பிறிதொன்றோ பறிபோனால் மட்டும் சில நீதிமன்றங்கள் இளகுகின்றன. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1975-இல் வாகன்மன் என்னும் தந்தை, மகளின் திருமணம் நடக்கவிருந்த வேளையில் கைது செய்யப்பட்டு, மனநோய் மருத்துவமனைக்குள் தள்ளப்பட்டார். அவருக்காக அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் அதைத் தடுக்க ஏதும் செய்யவில்லை. மறுநாளே அவர் வெளிவந்துவிட்டார். ஆயினும் அந்த வழக்கறிஞர் 50,000 டாலர் தர வேண்டும் என்னும் முடிவை 1987-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. பொருள் இழப்பு இல்லை என்பதற்காக அந்த ஓரிரவின் அவமானத்தை இல்லையென்று ஆக்கிவிட முடியாது என்பதே அதன் உட்கருத்து. இங்கிலாந்திலும், 1976-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் வெளியான ஹேவுட் என்னும் பெண்மணியின் வழக்கில் அத்தகைய தீர்ப்பு உண்டு. தம்மைத் தொல்லை செய்த ஆடவனிடமிருந்து காப்பு வேண்டி அவர் சட்ட நிறுவனமொன்றை நாடினார். நிறுவனம் காட்டிய அசட்டையால் தொல்லை தொடர்ந்தது. மன அமைதியைக் காப்பதற்கென்றே ஏற்ற பணி தவறினால், மன அமைதியின் இழப்புக்கு ஈடு தந்தே ஆக வேண்டும் என்று டெனிங் பிரபுவின் நீதிமன்றம் முடிவு செய்தது.

லாத்தா வக்காலத்து கொடுத்ததும் அந்த அமைதிக்காகத்தான். வேலிக்குள் அச்சமின்றி உறங்க வேண்டும் என்பதைத் தவிர, தடையாணை கோருவதற்கு வேறென்ன பொருள்?

இந்த இடத்தில், நம் மார்க்கச் சட்ட மேதைகள் எண்ணூறு ஆண்டுகளுக்கும் முன்பே இதன் அடிப்படையை ஆராய்ந்திருப்பதை வாசகர்களின் பார்வைக்கு வைக்க விரும்புகிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் மர்கீனானீ அவர்களின் ‘ஹிதாயா’ ஹனஃபீ மத்ஹபின் தலைசிறந்த சட்ட நூல்களுள் ஒன்று. அதில் ஒரு பிரச்சினை பேசப்படுகிறது. ஒருவன் மற்றொருவனின் தலையில் அடித்துக் காயப்படுத்தினான். காயம் முற்றிலும் ஆறிவிட்டது, மேலே முடியும் வளர்ந்துவிட்டது, தழும்பே இல்லை. இப்போது அடித்தவன் ஏதேனும் தர வேண்டுமா?

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துப்படி ஈடு நீங்கிவிடுகிறது. ஈட்டுக்குக் காரணமான ஊனம் மறைந்துவிட்டதே! இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களோ, வைத்தியருக்குக் கொடுத்த கூலியை அடித்தவன் தர வேண்டும் என்கிறார்கள். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் மட்டும், தழும்பு மறைந்தாலும் பட்ட வலி மறைந்துவிடவில்லை, அந்த வலிக்கே ஈடு உண்டு என்கிறார்கள். அபூயூசுஃப் அவர்கள் பக்தாதில் தலைமைக் காழியாக வீற்றிருந்தவர்கள் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அன்றாடம் காயம்பட்டவர்களின் முகத்தை நேரில் பார்த்துத் தீர்ப்பு வழங்கிய கண்கள் அவர்களுடையவை.

அந்த ஆய்வு உடற்காயத்தைப் பற்றியது, வழக்கைப் பற்றியதன்று. ஆதலின் இதிலிருந்து ஃபத்வா எடுப்பது ஆலிம்களின் வேலை, என் வேலையன்று. ஆயினும் ஒப்புநோக்கிப் பார்ப்பதில் தவறில்லை. இன்றைய சட்டம் லாத்தாவைப் போன்றோரிடம், ‘வழக்கு மீண்டது, மனை மீண்டது, தழும்பு எங்கே?’ என்று கேட்கிறது. சில வேளைகளில் அது வைத்தியக் கூலியின் பக்கமும் வருகிறது. 1981-இல் ரஃபீக் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாறு செய்தது. உயர் நீதிமன்றத்தில் அவருடைய வழக்கறிஞர் ஆஜராகாததால் மேல்முறையீடு தள்ளுபடியாகியிருந்தது. தன்னால் இயன்றதையெல்லாம் செய்துவிட்டு வழக்கறிஞரை நம்பியிருந்த எளிய மனிதன், அவருடைய தவறுக்காகத் துன்புறலாகாது என்று கூறி மேல்முறையீட்டுக்கு உயிர் கொடுத்த நீதிமன்றம், செலவுத்தொகை 200 ரூபாயை வராத வழக்கறிஞரிடமே வசூலிக்க ஆணையிட்டது. அதனினும் நேரிய ஆணை வேறில்லை. லாத்தாவின் வழக்கில் 3,000 ரூபாயைக் கட்டியவர் காயம்பட்டவரே என்பதை நினைக்கும்போது அந்த 200 ரூபாய் மலையளவு தோன்றுகிறது. வலிக்கு ஈடு என்னும் மூன்றாம் படியில் மட்டும் நம் உரிமையியல் நீதிமன்றங்கள் இன்னும் காலை உறுதியாக ஊன்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. வேதனைக்கு வழக்குத் தொடுத்தவர் வழக்கு முடியுமுன் இறந்துவிட்டால்? எம். வீரப்பா – ஈவ்லின் செக்வேரா வழக்கில் 1988-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. தம் வழக்கறிஞரின் அசட்டைக்காக வழக்குத் தொடுத்த ஒருவர் நடுவிலேயே இறந்துபோனார். வாரிசுகள் தொடரலாமா என்பது கேள்வி. ஒப்பந்த மீறலால் சொத்துக்கு நேர்ந்த இழப்பு என்றால் வாரிசுகள் தொடரலாம், இறந்தவரின் மேனிக்கும் மனத்துக்கும் நேர்ந்த தீங்கு என்றால் அந்தக் கோரிக்கை அவரோடு அற்றுப்போகும் என்பது தீர்ப்பின் போக்கு. பணத்தின் கணக்கு பிள்ளைகளுக்குச் சொத்தாகிறது, வலியின் கணக்கு கஃபனோடு மண்ணுக்குள் போகிறது. எகிப்து நாட்டின் 1948-ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தை வகுத்த அறிஞர் ஸன்ஹூரீ இதில் சற்றுக் கனிவு காட்டியிருக்கிறார். அதன் 222-ஆம் பிரிவு மனத்துன்பத்துக்கும் ஈடு உண்டு என்கிறது. பாதிக்கப்பட்டவர் உயிரோடிருந்தபோதே நீதிமன்றத்தில் கோரியிருந்தால் அந்த உரிமை வாரிசுகளுக்கும் சேரும் என்கிறது. நம் சட்ட வல்லுநர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய வழி அது.

வழக்கறிஞர் தரப்பின் நியாயத்தையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு வழக்கிலும் ஒருவர் தோற்றே ஆக வேண்டும். தோற்றவரெல்லாம் ‘என் மனம் புண்பட்டது’ என்று வழக்கறிஞர் மீது பாய்ந்தால், அஞ்சாமல் வாதாட எவர் முன்வருவார்? உண்மையை மறைத்துவிட்டுப் பின்னர் பழி சுமத்தும் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். ஒரே நாளில் மூன்று நீதிமன்றங்களில் அழைப்பு வரும்போது மனிதன் என்ன செய்வான்? இவையெல்லாம் உண்மையே. லாத்தாவின் வழக்கை மீட்டவரும் ஒரு வழக்கறிஞரே, அவர் முழுக் கட்டணமும் வாங்கவில்லை.

ஆனால் நான் பேசுவது தோல்வியைப் பற்றியன்று. எந்தச் சாட்சியை விசாரிப்பது, எந்த வாதத்தை முன்வைப்பது என்பதில் பிழை நேரலாம், அது மனித இயல்பு. ஒருநாள் ஆஜராகாமல் போவதும் நேரலாம். நிகழ்ந்ததைச் சொல்லாமல் மறைத்து, இல்லாத வாய்தாக்களைச் சொல்லிக்கொண்டிருப்பது அந்த வகையைச் சேர்ந்ததன்று. நம் ஃபிக்ஹு நூல்கள் வக்கீலை அமானிதம் சுமப்பவராகக் கருதுகின்றன. அவர் கையில் இருக்கும்போது தற்செயலாய் நேர்ந்த இழப்புக்கு அவர் பொறுப்பாளியல்லர். வரம்பு மீறினாலோ, கவனக்குறைவு காட்டினாலோ பொறுப்பாளியாகிவிடுவார். நல்ல வக்கீலுக்கு இதனினும் சிறந்த காப்பும் இல்லை, அசட்டையான வக்கீலுக்கு இதனினும் கூரிய எச்சரிக்கையும் இல்லை. அந்தக் கோட்டிலேயே மனவேதனைக்கான ஈட்டையும் நிறுத்தலாம். வழக்கின் தோல்விக்கு வேண்டா, பிழைக்கும் வேண்டா. கைவிட்டதற்கும் மறைத்ததற்கும் கொடுக்கட்டும்.

பணம் அந்த வலியை ஆற்றுமா என்று கேட்பவர் உண்டு. ஆற்றாது. தலைக்காயத்துக்குத் தந்த ஈடும் வலியைத் திரும்ப எடுத்துக்கொண்டதில்லை. ஈடு என்பது, ‘உனக்கு நேர்ந்தது உண்மை, அது எவராலோ நேர்ந்தது’ என்று ஒரு நீதிபதி வாய்திறந்து சொல்வது. லாத்தாவுக்கு மனை கிடைத்தது. அந்த ஒரு வாக்கியம்தான் கடைசிவரை கிடைக்கவில்லை.

நம் குடும்பங்களுக்குச் சில சொற்கள். வழக்குத் தொடுத்தவர்கள் வழக்கு எண்ணையும், பதினாறு இலக்கங்களும் எழுத்துகளும் கொண்ட தனிப்பதிவெண்ணையும் வீட்டில் எழுதி வையுங்கள். அதைக் கொண்டு, அடுத்த விசாரணை நாளை இ-கோர்ட்ஸ் தளத்தில் கைப்பேசியிலேயே பார்க்கலாம். நம் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பெரியவர்களுக்குச் சொல்லட்டும். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகலும், கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீதும் கேளுங்கள். கேட்பது அவமரியாதையன்று. கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைக்கக் கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. விதவைப் பெண்கள் தனியே தாழ்வாரங்களில் நிற்க நேராதபடி, ஒவ்வொரு ஜமாஅத்தும் அவர்களுடன் ஒருவரை அனுப்பினால் அது பெரும் நன்மையாகும்.

சட்டக் கல்லூரிகளுக்குச் செல்லும் நம் இளைஞர்களுக்கும் ஒன்று. நாளை உங்கள் கையால் ஒரு வழக்கு தவறிப்போகலாம். தவறிய அன்று மாலையே கட்சிக்காரரின் வீட்டுக்குச் செல்லுங்கள். கதவைத் திறப்பவர் திட்டுவார், ஒருவேளை கட்டைத் திருப்பிக் கேட்பார். கேட்கட்டும். முப்பது நாள்கள் இன்னும் அவர் கையில் இருக்கும்.